ஏக்கத்தின் விதிகள்: 'ஜெப்பர்டி' சாம்பியன்கள் போட்டியை முன்வைத்து

1

'அமெரிக்காக்காரன் டிவி விளையாட்டப் பத்தி எழுத நம்ம பத்திரிகையில எடம் இருக்கா தோழர்?' இந்தக் கட்டுரையை எழுதப்போவதாகச் சொன்னபோது நண்பர் ஒருவர் டீக்கடையில் வைத்துக் கேட்டது இது. நியாயமான கேள்விதான். ஒரு பொதுஅறிவுப் போட்டி, அதில் வென்றவர்களை மறுபடி கூட்டிவைத்து நடத்தும் இன்னொரு போட்டி, அந்தப் போட்டியை நினைத்து நடுவயதைக் கடந்தவர்கள் இன்று விடும் பெருமூச்சு - இதில் நமக்கு என்ன இருக்கிறது? ஆனால் 'வெறும் பொழுதுபோக்கு' என்று நாம் ஒதுக்கிவைக்கிற இடங்களில்தான் கருத்தியல் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ஏக்கமும் அப்படியான ஓர் இடம்தான். 'அந்தக் காலம் போல வருமா' என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதை நினைவில் வைத்திருக்கிறார், எதை மறந்திருக்கிறார் என்று பார்ப்பது அரசியல் வேலை என்றே நினைக்கிறேன்.

நான் இதற்குள் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் நியூஜெர்சியிலிருந்து என் பெரியம்மா மகன் போன் செய்து, 'அலெக்ஸ் செத்துட்டாருடா' என்றார். எந்த அலெக்ஸ் என்று எனக்குப் புரியவில்லை. 1990களின் நடுவில் வேலைக்காக அங்கே போன அண்ணனுக்குப் பேச்சு இங்கிலீஷைப் பழக்கிவிட்டதே அலெக்ஸ் ட்ரெபெக் நடத்திய 'ஜெப்பர்டி' என்ற வினாடி வினா நிகழ்ச்சிதான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரடங்கு நேரம். ரசிகர்கள் வீட்டு வீடியோவில் பதிவுசெய்து வைத்திருந்த பழைய சாம்பியன்கள் போட்டிகளை அண்ணன் ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தார். நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். அமெரிக்க ஜனாதிபதிகளின் வரிசையும் ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்களும் எனக்குப் பாதிக்குமேல் தெரியாது. இருந்தும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தேன். 1986இல், நான் பிறப்பதற்கு முன்னால், பார்த்தேயிராத ஓர் ஊரில் நடந்து முடிந்த ஆட்டத்தின் முடிவுக்காக எனக்கு நெஞ்சு படபடத்தது. அடுத்த வாரமே 'அந்தக் காலப் போட்டி போல இப்ப இல்லண்ணே' என்று நானே அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ்ந்திராத காலத்தின்மீது எனக்கு எப்படி ஏக்கம் வந்தது?

1688இல் பாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் ஜோஹானஸ் ஹோஃபர், ஊரைப் பிரிந்து அந்நிய மண்ணில் வாடியவர்களின் நோய்க்குப் பெயராகத்தான் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உருவாக்கினார். அந்த நோய்க்குக் காரணம் ஓர் இடம். அது பிறகு ஒரு காலத்துக்கான ஏக்கமாக மாறியது. ஸ்வெத்லானா பாய்ம் 2001இல் வெளிவந்த தம் நூலில் ஏக்கத்தை இரண்டாகப் பிரித்தார்: இழந்ததை அப்படியே திரும்பக் கட்டி எழுப்ப நினைக்கும் ஏக்கம் ஒன்று, இழப்பைப் பற்றி யோசிக்க வைக்கும் ஏக்கம் இன்னொன்று. என் வாதம் இந்தப் பிரிவினையை ஒட்டியதுதான், ஆனால் கொஞ்சம் கீழே இறங்கியது. ஏக்கம் பொதுவாக முகங்களை ஞாபகம் வைத்துக்கொள்கிறது, விதிகளை மறந்துவிடுகிறது. ஜெப்பர்டி சாம்பியன்கள் போட்டியின் வரலாற்றை அதன் விதிகள் வழியாகப் படித்துப் பார்த்தால், எந்த நியாயத்துக்காக நாம் ஏங்குகிறோமோ அதை யார் கொடுத்தார்கள், யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியவரும்.

2

கதை ஜெப்பர்டிக்குப் பத்தாண்டு முன்னால் தொடங்குகிறது. 1955இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் '64,000 டாலர் கேள்வி' வந்தது. செருப்புத் தைப்பவர், போலீஸ்காரர், பாட்டி எனச் சாதாரணர்கள் ஏதோ ஒரு துறையில் அசாத்திய ஞானத்தோடு வந்து நின்றார்கள். அறிவு பட்டதாரிகளின் சொத்து அல்ல என்பதுதான் நிகழ்ச்சி விற்ற கனவு. உளவியலாளர் ஜாய்ஸ் பிரதர்ஸ் குத்துச்சண்டை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி உச்சப் பரிசை வென்றார். அவரை வெளியேற்றத் தயாரிப்பாளர்கள் கேள்விகளைக் கடினமாக்கியும் முடியவில்லை. 1956இல் இதே நிகழ்ச்சியின் வெற்றியாளர்களைத் திரும்ப அழைத்து '64,000 டாலர் சவால்' என்ற இன்னொரு நிகழ்ச்சியும் தொடங்கப்பட்டது. வென்றவர்களை மறுபடி கூட்டி விற்கும் யோசனை அவ்வளவு பழையது.

அதே 1956இல் என்பிசியின் 'இருபத்தொன்று' நிகழ்ச்சியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் வாராவாரம் வென்றுகொண்டிருந்தார். குவீன்ஸ் பகுதி யூதர். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். அளவு பொருந்தாத சூட்டைப் போடச் சொல்லி, தலைமுடியை ஒட்ட வெட்டச் சொல்லி, விடைகளையும் முன்கூட்டியே கொடுத்து அவரை ஒரு 'ஏழைப் புத்திசாலி'யாகத் தயாரித்திருந்தார்கள். சலித்ததும் அவரைத் தோற்கச் சொன்னார்கள். 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் 'மார்ட்டி'க்குக் கிடைத்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குப் பிடித்த படம் அது. ஆனால் சொன்னபடி வேறொரு படத்தின் பெயரைச் சொன்னார். அவர் இடத்துக்கு வந்த சார்லஸ் வான் டோரன், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர். புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர் மார்க் வான் டோரனின் மகன். 1957இல் 'டைம்' இதழின் அட்டையில் வந்தார். பூர்தியே 'பண்பாட்டு மூலதனம்' என்று சொன்னதற்கு இதைவிட வெளிப்படையான காட்சி வேண்டியதில்லை. உழைத்துப் படித்தவனை, பரம்பரையாகப் படித்தவனிடம் தோற்கும்படி நடிக்கவைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான பேர் அதை இயற்கை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

1959 நவம்பர் 2ஆம் தேதி வான் டோரன் நாடாளுமன்றக் குழுவின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். 1960இல் அறிவுப் போட்டிகளில் முடிவை முன்கூட்டி நிர்ணயிப்பது சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. ஆக, இன்று நாம் 'நேர்மையான பழைய போட்டி' என்று போற்றுவது யாருடைய நல்ல மனசாலும் வந்ததல்ல. மோசடி பிடிபட்டு, விசாரணை நடந்து, சட்டம் வந்ததன் விளைவு அது.

இந்த இடத்தில்தான் ஜெப்பர்டி பிறக்கிறது. தயாரிப்பாளர் மெர்வ் கிரிஃபின் வினாடி வினா நடத்த முடியாமல் போன காலத்தைப் பற்றி விமானத்தில் தம் மனைவி ஜுலானிடம் புலம்புகிறார். விடைகளைக் கொடுத்ததுதானே குற்றம்? விடைகளையே கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்டால் என்ன என்கிறார் ஜுலான். உதாரணத்துக்கு '5,280' என்கிறார். ஒரு மைலுக்கு எத்தனை அடி என்பது கேள்வி. மோசடியின் வடிவத்தையே தலைகீழாகப் புரட்டி விளையாட்டின் விதியாக்கிய கெட்டிக்காரத்தனம் இது. யோசனை ஜுலானுடையது, உருவாக்கியவர் என்று வரலாற்றில் நிற்பது கணவரின் பெயர். பெண்ணின் சிந்தனை உழைப்பு இப்படிக் கரைந்துபோவது நமக்குப் புதிதல்ல.

1964 மார்ச் 30இல் என்பிசியில் நிகழ்ச்சி தொடங்கியது. நடத்தியவர் ஆர்ட் ஃபிளெமிங். ஒளிபரப்பு பகல் நேரத்தில். வீட்டில் இருந்த பெண்களும் மதியச் சாப்பாட்டு நேரத்துத் தொழிலாளர்களும் வகுப்புகளுக்கு இடையில் கல்லூரி மாணவர்களும்தான் பார்வையாளர்கள். முதல் சுற்றில் ஒரு குறிப்பின் மதிப்பு 10 டாலரிலிருந்து 50 டாலர்வரை. ஐந்து நாள் தோற்காமல் ஆடியவர் விலகிக்கொண்டு, வருடக் கடைசியில் சாம்பியன்கள் போட்டிக்கு வருவார். இன்று அதிகம் பேசப்படாத ஒரு விதியும் அப்போது இருந்தது: மூன்று பேரும் தாங்கள் சம்பாதித்த தொகையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். முதலில் வந்தவர் மறுநாள் திரும்ப வருவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

1975 ஜனவரி 3ஆம் தேதியோடு அது நின்றது. அந்தப் பதினோரு ஆண்டு ஒளிநாடாக்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. நாடா விலை அதிகம் என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்து அழித்துவிட்டார்கள். பகல் நேர நிகழ்ச்சியைப் பாதுகாக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஆகவே ஏக்கப்படுவதற்கே ஒரு ஆவணக் காப்பகம் தேவைப்படுகிறது. அண்ணனின் தலைமுறையினர் 'அந்தக் காலம்' என்று சொல்வது எப்போதும் 1984க்குப் பிறகான காலம்தான். அதற்கு முந்தைய அந்தக் காலத்தை நிறுவனமே அழித்துவிட்டது. எந்தக் கடந்த காலத்துக்காக நாம் ஏங்க முடியும் என்பதை அதை வைத்திருப்பவர்கள்தான் முடிவுசெய்கிறார்கள்.

3

1984 செப்டம்பர் 10இல் ஜெப்பர்டி திரும்ப வந்தது, இந்த முறை உள்ளூர் நிலையங்கள் பலவற்றுக்குத் தனித்தனியாக விற்கப்படும் நிகழ்ச்சியாக. நடத்தியவர் கனடாவில் பிறந்த ட்ரெபெக். குறிப்புகளின் மதிப்பு பத்து மடங்கானது. கூடவே ஒரு விதி மாறியது: முதலாவது வந்தவருக்கு மட்டுமே பணம். மற்ற இருவருக்கும் ஆறுதல் பரிசுப் பொருட்கள். 2002இல்தான் அது இரண்டாம் இடத்துக்கு 2,000 டாலர், மூன்றாம் இடத்துக்கு 1,000 டாலர் என்று ஆனது.

1984 என்பது ரீகனின் அமெரிக்கா. வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களை 1981இல் ஒரே அடியாக வேலைநீக்கம் செய்த ஆட்சி அது. விதி மாற்றத்துக்கும் ரீகனுக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்டும் எளிமையான வாசிப்பை நான் செய்ய வரவில்லை. பழைய ஆட்டத்தில் ஓரளவு பணம் சேர்ந்ததும் சிலர் பொத்தானை அழுத்தாமல் சும்மா நின்றுவிட்டார்கள் என்பதுதான் கிரிஃபின் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். ஆனால் அந்தக் காரணத்தையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'போதும்' என்று ஒருவர் நிற்பது ஆட்டத்துக்கு ஆகாது. எல்லாவற்றையும் இழக்கும் பயம் இருந்தால்தான் அவர் கடைசிவரை ஆடுவார். இந்தத் தர்க்கம் அந்தப் பத்தாண்டில் தொழிற்சாலைகளிலும் கேட்டதுதான்.

இந்த 'வென்றவனுக்கே எல்லாம்' என்ற விதிக்கு நடுவில் எஞ்சியிருந்த ஒரு மட்டுப்பாடு ஐந்து நாள் வரம்பு. எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் ஐந்து வெற்றியோடு இடத்தைக் காலிசெய்ய வேண்டும். அப்படிக் காலிசெய்தவர்கள் மறுபடி சந்திக்கும் இடமாக 1985இல் சாம்பியன்கள் போட்டி மீண்டும் வந்தது. அதன் வடிவத்தை வகுத்தவர் ட்ரெபெக். பதினைந்து பேர், இரண்டு வாரம், பத்து ஆட்டங்கள். முதல் வாரம் ஐந்து ஆட்டங்களில் வென்ற ஐவரும், தோற்றவர்களில் அதிகத் தொகை எடுத்த நால்வரும் அரையிறுதிக்குப் போவார்கள். பிறகு இரண்டு நாள் இறுதிப்போட்டி, இரண்டு நாள் தொகையையும் கூட்டி முடிவு. ஒரு நாள் சறுக்கினாலும் உடனே வெளியே தள்ளிவிடாத அமைப்பு இது. தோற்ற நால்வருக்கு இடம் வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். வழக்கமான ஆட்டத்துக்கு வருபவர்கள் தங்கள் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், இந்தப் போட்டிக்குத்தான் நிகழ்ச்சிக்காரர்கள் செலவு. அதாவது, கைக்காசு போட்டு வந்தவர்கள் இங்கே முதல்முறையாக விருந்தாளிகள் ஆனார்கள்.

அண்ணன் அனுப்பிய நாடாக்களில் நான் பார்த்தவர்கள் நட்சத்திரங்கள் அல்ல. 1986இல் வென்ற சக் ஃபாரஸ்ட், தலைப்புக்குத் தலைப்பு தாவித் தாவி ஆடி எதிராளியைக் குழப்பும் முறையைப் பிரபலமாக்கியவர். நியூயார்க் போக்குவரத்துக் காவலர் ஃபிராங்க் ஸ்பாங்கன்பெர்க் அடர்ந்த மீசையோடு வந்து 1990இல் ஐந்தே நாளில் 1,02,597 டாலர் எடுத்தார். அதே ஆண்டு சாம்பியன்கள் போட்டியில் தோற்றார். நாட்டிலேயே அதிகத் தொகை எடுத்தவர் ஒரு வாரத்தில் பின்வரிசைக்குப் போக முடியும், மறுபடி தம் வேலைக்குத் திரும்ப முடியும். 1999இல் பார்வையற்ற விளையாட்டுச் செய்தியாளர் எடி டிமானஸ் ஐந்து நாளும் வென்றார். அவருக்காகச் செய்த ஏற்பாடுகளில் ஒன்று, தலைப்புகளை பிரெய்லில் அச்சிட்டுக் கொடுத்தது. மற்றபடி ஆட்டம் அதே ஆட்டம்.

பெனடிக்ட் ஆண்டர்சன் செய்தித்தாளைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும். சாப்பாட்டு மேசையில் அம்மாவும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் டிவியைப் பார்த்துக் கேள்வியைக் கத்துகிறார்கள், முகம் தெரியாத இன்னொரு லட்சம் வீடுகளும் அதே நிமிஷம் அதையே செய்கின்றன என்று அறிந்திருக்கிறார்கள். புதிதாகப் போய்ச் சேர்ந்த என் அண்ணன் போன்றவர்களுக்கு அந்தக் கற்பிதச் சமூகத்தில் நுழைய அது ஒரு கதவு. 'ஆபீஸ்ல என்கூட யாரும் பேசமாட்டாங்கடா. சாயங்காலம் டிவி முன்னால உக்காந்தா நானும் ஒரு ஆள்' என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

ஆனால் அந்தக் கதவு யாருக்கெல்லாம் திறந்தது? 1985 முதல் 1993 வரை ஒன்பது சாம்பியன்கள் போட்டிகள். வென்ற ஒன்பது பேரும் ஆண்கள். 1994இல்தான் ரேச்சல் ஷ்வார்ட்ஸ் இந்தப் புதிய வரிசையின் முதல் பெண் வெற்றியாளர் ஆனார். எது 'பொதுஅறிவு' என்பதையும் கேட்கவேண்டும். ஐரோப்பிய ஓபெரா பொதுஅறிவு, தையல் தனிஅறிவு. அரசர்களின் வரிசை அறிவு, பஞ்சங்களின் வரிசை அறிவல்ல. 'அந்தக் காலத்தில் எல்லோரும் சமம்' என்ற ஏக்கம் இந்தக் கணக்கைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறது. நானும் சில இரவுகள் மூடிக்கொண்டுதான் பார்த்தேன்.

4

2003 செப்டம்பரில் ஐந்து நாள் வரம்பு நீக்கப்பட்டது. தோற்கும்வரை ஆடலாம். அடுத்த ஆண்டே கென் ஜென்னிங்ஸ் என்ற மென்பொருள் பொறியாளர் தொடர்ந்து 74 ஆட்டங்கள் வென்று 25,20,700 டாலர் எடுத்தார். ஆறு மாதம் நாடே ஒரே முகத்தைப் பார்த்தது. பார்வையாளர் எண்ணிக்கை எகிறியது.

2005இல் நடந்த மாபெரும் சாம்பியன்கள் போட்டியை இந்த மாற்றத்தின் உச்சமாகப் பார்க்கலாம். மொத்தம் 145 பேர். 1984 முதல் ஐந்து நாள் வரம்போடு விலகிப்போன பழையவர்கள் நரைத்த தலையோடு திரும்ப வந்து சுற்றுச்சுற்றாக ஆடினார்கள். ஜென்னிங்ஸ் மட்டும் எந்தச் சுற்றும் ஆடாமல் நேராக இறுதிப்போட்டியில் உட்கார்ந்திருந்தார். சமமானவர்களின் கூட்டம் என்று சொல்லிக் கூட்டியதில் ஒருவருக்கு மட்டும் சிம்மாசனம். ஆனால் மூன்று நாள் இறுதியில் வென்றவர் பிராட் ரட்டர். 2000இல் ஐந்து ஆட்டங்களோடு கட்டாயமாக அனுப்பப்பட்டவர், 2001இன் சாம்பியன்கள் போட்டியில் வென்றவர். பரிசு 20 லட்சம் டாலர். பழைய ரசிகர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். வரம்புக்குள் ஆடியவன் வரம்பில்லாதவனை வென்றான் என்பது அவர்களுக்கு ஒரு கவித்துவ நீதி. ஆனால் அந்த மகிழ்ச்சியில் ஒன்று நழுவிவிடுகிறது: ஆட்டத்தில் ஜெயித்தது ரட்டராக இருக்கலாம், விதியில் ஜெயித்தது நட்சத்திர முறைதான். வரம்பு திரும்ப வரவேயில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. வரம்பு இருந்திருந்தால் எமி ஷ்னைடரை ஐந்தே நாள்தான் பார்த்திருப்போம். 2021-22இல் அவர் தொடர்ந்து 40 ஆட்டங்கள் வென்றார். 2022 நவம்பரில் சாம்பியன்கள் போட்டியையும் வென்றார். அந்த இடத்துக்கு வந்த முதல் திருநங்கை அவர். அதே மாதம் தம் சொந்த மாநிலமான ஒஹையோவின் சட்டமன்றக் குழு முன் நின்று, திருநர் சிறார்களின் மருத்துவ உரிமையைப் பறிக்கும் மசோதாவுக்கு எதிராகப் பேசினார். எட்டு வாரம் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஒரு திருநங்கை அமைதியாகப் பதில் சொல்லிக்கொண்டு நின்றதன் அரசியலைப் பழைய ஐந்து நாள் விதி தந்திருக்க முடியாது. ஆகவே 'பழைய விதியே நல்ல விதி' என்று எழுதி முடித்துவிட என்னால் ஆகாது. ஒரு விதி யாரைக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது, யாருக்கு லாபம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் 2011 பிப்ரவரி வருகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் 'வாட்சன்' என்ற கணினி, ரட்டரையும் ஜென்னிங்ஸையும் எதிர்த்து ஆடியது. வாட்சன் 77,147 டாலர், ஜென்னிங்ஸ் 24,000, ரட்டர் 21,600. அமெரிக்க நகரங்கள் என்ற தலைப்பில் சிகாகோ என்று சொல்ல வேண்டிய இடத்தில் இயந்திரம் டொரண்டோ என்றது, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மறைந்துபோன விஷயம் ஒன்று உண்டு. நிகழ்ச்சியின் பழைய குறிப்புகளைத் தீனியாகப் போட்டுத்தான் அந்த இயந்திரத்தைப் பழக்கினார்கள். அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் யார்? ஒரு ஆட்டத்துக்கு 61 குறிப்புகள், ஒரு நாளில் ஐந்து ஆட்டங்கள் பதிவு. அத்தனையையும் நூலகத்தில் உட்கார்ந்து தேடி, சரிபார்த்து, ஒரு வரியில் சுருக்கி எழுதுகிற எழுத்தாளர்கள் பின்னால் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டு ஏக்கத்தில் போட்டியாளர் முகம் உண்டு, ட்ரெபெக்கின் முகம் உண்டு, இசைகூட உண்டு. எழுதியவர்களின் முகம் மட்டும் இல்லை.

5

2023 மே 2ஆம் தேதி அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜெப்பர்டி எழுத்தாளர்களும் அந்தச் சங்கத்தினர். கோரிக்கைகளில் ஒன்று, எழுத்தாளரின் இடத்தில் இயந்திரத்தை உட்காரவைக்கக் கூடாது என்பது. அப்போது நிகழ்ச்சியை நடத்திய இருவரில் ஒருவரான மயிம் பியாலிக், அந்தப் பருவத்தின் கடைசிப் பதிவுகளுக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டார். செப்டம்பரில் நாற்பதாவது பருவம் தொடங்க வேண்டும். எழுத்தாளர்கள் தெருவில். நிர்வாகம் கண்டுபிடித்த வழி ஏக்கத்தின் வழிதான்: வேலைநிறுத்தத்துக்கு முன் எழுதியதையும், பழைய பருவங்களில் பயன்பட்ட குறிப்புகளையும் எடுத்து, ஏற்கெனவே வந்து தோற்ற போட்டியாளர்களுக்கு 'இரண்டாவது வாய்ப்பு' கொடுத்து ஆட்டம் நடத்துவது. பழைய முகங்கள், பழைய கேள்விகள். 'அந்தக் காலம்' வேலைநிறுத்தத்தைத் தாண்டிச் செல்லும் பாலமாயிற்று. ஏக்கம் பண்டமாவது பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். இங்கே அது அதற்கும் மேலே ஒரு படி போய்க் கருங்காலி வேலை பார்த்தது.

அந்த ஆண்டின் சாம்பியன்கள் போட்டியும் நடந்திருக்கும். நடக்கவில்லை. 13 ஆட்டங்கள் வென்றிருந்த ரே லலாண்ட், டொரண்டோவில் காட்சி ஓவியராக வேலை பார்ப்பவர், வேலைநிறுத்தம் தீராதவரை தாம் அந்தப் போட்டிக்கு வரமாட்டேன் என்று அறிவித்தார். கிறிஸ் பனுல்லோ உள்ளிட்ட வேறு சில சாம்பியன்களும் அவரோடு நின்றார்கள். வாழ்நாளில் ஒரே முறை கிடைக்கும் அழைப்பு, 2,50,000 டாலர் முதல் பரிசு. அதை வேண்டாம் என்றார்கள். நிர்வாகம் போட்டியைத் தள்ளிவைத்தது. செப்டம்பர் 27இல், 148 நாட்களுக்குப் பிறகு வேலைநிறுத்தம் முடிந்தது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் புதிதாக எழுதப்பட்ட குறிப்புகளோடு சாம்பியன்கள் போட்டி நடந்தது. வென்றவர் யோகேஷ் ராவுத்.

என்னைப் பொறுத்தவரை அந்தப் போட்டியின் நாற்பதாண்டு வரலாற்றில் மிகச் சிறந்த ஆட்டம் 2023இல் நடக்காமல்போன அந்த ஆட்டம்தான். போட்டியை அதிகம் நேசித்தவர்கள் அவர்கள். சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் கத்தியவர்கள். ஆனாலும் தாங்கள் நேசிப்பது எவருடைய உழைப்பில் நிற்கிறது என்று அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. பாய்ம் சொன்ன இரண்டாவது வகை ஏக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எம்.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்த நான்கு ஆண்டுகள், போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றுக்கு மாதிரி வினாக்கள் எழுதிக் கொடுத்தேன். வினாவுக்கு மூன்று ரூபாய். சங்க இலக்கியத்திலிருந்து நடப்பு நிகழ்வுவரை ஆயிரக்கணக்கில் எழுதினேன். கடைசி ஐந்து மாதத்துக்கான பாக்கி வரவேயில்லை, நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். சில வருஷம் கழித்து மையத்தின் ஆண்டு விழாவுக்கு அழைத்தார்கள். போனேன். பழைய மாணவர்கள் 'சார், அந்தக் காலம் மாதிரி வராது சார்' என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் கண் கலங்கியது. பொன்னாடை போர்த்தினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வினாத் தொகுப்பு நூல் விற்றார்கள். பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் என் வினாக்கள், கமா மாறாமல். மூலையில் மையத்தின் பெயரில் காப்புரிமை. நான் ஒன்றும் பேசவில்லை. புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த அன்பும் உண்மை, அந்தத் திருட்டும் உண்மை. அன்பைக் காட்டியே திருட்டைப் பற்றிப் பேசவிடாமல் செய்துவிட்டார்கள்.

லலாண்டின் அறிவிப்பைப் பிறகு படித்தபோது எனக்கு அந்தப் பொன்னாடை ஞாபகம் வந்தது. டீக்கடை நண்பருக்கு என் பதில் இதுதான். கடந்த காலத்தை நேசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நேசித்துக்கொண்டே கணக்குக் கேட்கப் பழக வேண்டும் என்கிறேன். ஐந்து மாதப் பாக்கி எவ்வளவு என்று பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டேன். அடுத்த ஆண்டு விழாவுக்கும் கட்டாயம் போவேன்.